2011 குட்டியானை, இரண்டு வருடமாக ஸ்டார்ட் ஆகவில்லை: தம்பிக்கு முதல் வண்டியாக வாங்கலாமா?

ஒட்டன்சத்திரம்_அக்கா

வணக்கம். தம்பி ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். வேலைக்குப் போடா என்றால், சொந்த வண்டி ஓட்டுகிறேன் என்கிறான். அப்பாவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் 2011 மாடல் டாடா ஏஸ் குட்டியானை, பழைய 702 சிசி டீசல் வண்டி ஒன்று சும்மா நிற்கிறது. மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிய வண்டி. முழங்கால் வலி வந்ததும் மாட்டுக் கொட்டகை ஓரம் நிறுத்தியவர், இரண்டு வருடத்துக்கு மேலாகச் சாவியே போடவில்லை. 85,000 கேட்கிறார். பேசினால் குறைப்பார் என்று நினைக்கிறேன்.

என்னிடம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் இருக்கிறது. வண்டி விலை, வேலை, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் முடிந்து ரோட்டில் ஓட வேண்டும். தம்பி இன்ஜினைப் பற்றி மட்டுமே பேசுகிறான். அம்மா பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். நான் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவள், வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. போட்டோக்கள் கீழே இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது?

புதுசுதான்_நல்லது

சகோதரி, வேண்டாம். ஒன்றே முக்கால் லட்சத்தை முன்பணமாகக் கட்டிப் புது வண்டி எடுங்கள். மீதிக்கு டியூ. வாரன்டி உண்டு, நிம்மதி உண்டு. பழைய வண்டி வாங்கினால் பையன் லோடு ஏற்றுகிற நாளைவிட வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற நாள்தான் அதிகமாக இருக்கும்.

டீசல்வாசம்

டியூ கட்டி வண்டி ஓட்டிப் பார்த்தவர் எழுதுகிற மாதிரி தெரியவில்லை. மழைக்காலத்தில் லோடு இல்லாத மாதமும் டியூ வரும். 19, 20 வயதுப் பையன் தலையில் முதல் மாதமே அதை ஏற்ற வேண்டாம். பழசே எடுங்கள், ஆனால் பார்த்து எடுங்கள்.

பட்டறைக்காரன்

போட்டோ எல்லாம் பார்த்தேன். முன்னால் நின்று எடுத்தது, பக்கத்தில் நின்று எடுத்தது, ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு தம்பி சிரிக்கிறது. அடியில் படுத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதுதான் முதலில் வேண்டும்.

இந்த வண்டியில் அதிகம் பயப்பட வேண்டாத பகுதி இன்ஜின். இண்டிகாவின் 1405 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கியதுதான் இந்த 702 சிசி. காமன் ரெயில், சென்சார் என்று எதுவும் கிடையாது. 2005-ல் வண்டி வந்த நாளிலிருந்து ஊர் ஊராக ஓடியதால், இதைப் பிரித்துச் சேர்க்கத் தெரியாத மெக்கானிக் நம் பக்கம் இல்லை, சாமான் கிடைக்காத கடையும் இல்லை. இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதைச் சரிசெய்ய இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை சொல்லிவிடலாம். சேஸ் அரித்திருந்தாலோ ஆர்.சி.யில் வில்லங்கம் இருந்தாலோ தொகை சொல்ல முடியாது. அதனால் முதலில் காகிதம், அப்புறம் சேஸ், அதற்கும் பிறகுதான் இன்ஜின். தம்பிக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

அடியில் பார்க்கும்போது, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொங்குகிற பிராக்கெட் சேஸோடு சேரும் இடம், கேபின் முடிந்து தொட்டி ஆரம்பிக்கும் இடம், பேட்டரி ஸ்டாண்டுக்குக் கீழே. இந்த மூன்று இடத்திலும் அழுத்திக் குத்த வேண்டும். மேல் துரு பொடியாக உதிர்ந்தால் பிரஷ் போட்டு பிரைமர் அடித்துக்கொள்ளலாம். தகடு தகடாக உரிந்து ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் விலையே பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சேஸில் குறுக்காக வெல்டிங் கோடு தெரிந்தாலும் அப்படித்தான். கேபினுக்குள் மேட்டைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். கதவின் கீழ் ஓரத்தில் சின்னக் காந்தத்தை ஓட்டினால், ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசியது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இந்த வண்டி எப்போதாவது மீன் லோடோ உப்பு லோடோ ஓடியிருக்கிறதா என்று கேளுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடி வந்த வண்டி பெயின்ட்டுக்கு மேலே பளபளவென்று இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. முருங்கை ஏற்றிய வண்டி என்றால் நல்ல செய்திதான்.

குமாஸ்தா_62

நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை எழுதிக் கொடுப்பவன். பட்டறைக்காரர் சொன்னதில் முதல் பாகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்.சி.யை நேரில் வாங்கிப் பாருங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டும் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எஃப்.சி. எந்தத் தேதியோடு முடிந்தது, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, வரி எதுவரை கட்டியிருக்கிறது, இ-சலான் பாக்கி உண்டா, ஃபைனான்ஸ் பெயர் இன்னும் நிற்கிறதா. சேஸ் நம்பரைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எஃப்.சி. முடிந்த வண்டி என்பதால் ஒரு எச்சரிக்கை. முடிந்த தேதிக்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று மத்திய விதியில் இருக்கிறது. இரண்டு வருடம் என்றால் 36,500 ஆகிறது, உங்கள் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த வண்டிக்கு மொத்தம் என்ன கட்ட வேண்டியிருக்கும் என்பதை விலை பேசுவதற்கு முன்பே ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓடவில்லை என்று பெரியவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படி எழுதிக் கொடுக்காத வண்டிக்கு வரிப் பாக்கியும் சேர்ந்திருக்கும். இந்தப் பாக்கி எல்லாம் 85,000-க்குள் அடக்கமா, வெளியேயா என்பதுதான் உண்மையான பேரம்.

தம்பிக்கு வயது என்ன?

ஒட்டன்சத்திரம்_அக்கா

19 முடிந்துவிட்டது. தை மாதம் 20 நிறையும். கார் லைசென்ஸ் இருக்கிறது. பேட்ஜ் எடுக்க வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

குமாஸ்தா_62

பேட்ஜ் வேண்டாம். எடை குறைந்த வண்டிக்கான லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஏஸ் லோடோடு சேர்த்தே 1,550 கிலோதான். 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி என்பதால் பர்மிட்டும் கிடையாது.

ஆனால் சரக்கு வண்டியை ரோட்டில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 4-வது பிரிவு. கார் லைசென்ஸ் 18-ல் கிடைத்துவிட்டதால் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தையில் 20 நிறையும் வரை வண்டி வேலையைச் செய்யட்டும், ரோட்டுக்கு வேண்டாம்.

சின்னவன்

அக்கா போட்ட இழையை இப்போதுதான் பார்த்தேன். நான்தான் அந்தத் தம்பி. போட்டோவில் சிரித்ததற்கு மன்னிக்கவும் அண்ணே.

நேற்று ஸ்க்ரூடிரைவரோடு போனேன். சேஸ் கெட்டியாக இருக்கிறது, மேல் துரு மட்டும். பேட்டரி ஸ்டாண்டு போய்விட்டது, அதற்குக் கீழே சேஸில் ஒன்றும் இல்லை. டிரைவர் பக்கம் கேபின் தரையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தொட்டித் தரை சாணி பட்டு அரித்திருக்கிறது. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் செம்மண் நிறம்.

என் யோசனை இதுதான். புது பேட்டரி போட்டு, வேறு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்து, ராத்திரி ரோடு காலியாக இருக்கும்போது மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். ஏழு கிலோமீட்டர்தான்.

பட்டறைக்காரன்

தம்பி, ஐ.டி.ஐ.யில் டைமிங் பெல்ட் பாடம் நடத்தினார்களா?

இந்த இன்ஜினில் வால்வைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கச் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். அது எத்தனை வருடப் பழசு என்று உனக்கும் தெரியாது, பெரியவருக்கும் தெரியாது. இரண்டு வருடம் ஒரே வளைவில் நின்றிருக்கிறது. எலி வேறு குடியிருந்திருக்கிறது. கட்டி இழுத்து கியரில் போட்டு கிளட்ச்சை விட்ட நொடியில் பல் உதிர்ந்தாலோ பெல்ட் அறுந்தாலோ வால்வு பிஸ்டனில் அடிக்கும். நன்றாக இருக்கிற ஹெட் போகும். எங்கள் பட்டறைக்கு இப்படி இழுத்து வந்த வண்டியை ஹெட் வேலை பார்த்து அனுப்பியிருக்கிறோம். வண்டிக்காரர் பெல்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் போல பல மடங்கு கொடுத்தார்.

நான் சொல்கிற மாதிரி செய். சீட்டைத் தூக்கினால் இன்ஜின் கையெட்டும் தூரத்தில்தான். பழைய டீசலை முழுக்க இறக்கு. டேங்க் அடியில் சகதி இருக்கும், டேங்கைக் கழற்றிக் கழுவு. டீசல் ஃபில்டர், ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு. பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் மாற்று, மார்க் சேர்த்துப் போடத் தெரியாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அப்புறம் இரண்டு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக ஆளுக்கு ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடு. காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்று. கம்ப்ரஷன் இல்லாததால் இலகுவாகச் சுற்ற வேண்டும். எங்கேயாவது முட்டினால் பலம் காட்டாதே, நிறுத்திவிட்டு எங்கே முட்டுகிறது என்று பார். முழுச் சுற்று இரண்டு தடவை தடையில்லாமல் வந்தால் மட்டும் பேட்டரி கொடுத்து, பிளக் இல்லாமலேயே சில நொடி செல்ஃப் அடி. மிச்ச ஆயில் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சும். முகத்தை அங்கே வைத்துக்கொண்டு நிற்காதே. அதற்குப் பிறகு பிளக்கை மாட்டி, டீசல் லைனில் காற்றை எடுத்து, ஸ்டார்ட் செய்.

ஸ்டார்ட் ஆனதும் முதலில் நிறையப் புகை வரும், உள்ளே விட்ட ஆயில் எரிகிறது. அது அடங்கிய பிறகு வரும் புகைதான் சாட்சி. நீலம் நின்றால் ரிங் அல்லது வால்வு சீல். ரேடியேட்டரில் குமிழ் விட்டுக்கொண்டு வெள்ளைப் புகையும் நின்றால் ஹெட் கேஸ்கெட். சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே ஓட்டையின் மேல் தலைகீழாக வைத்துப் பார். லேசாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் இன்ஜின் வேலைக்குக் காசு எடுத்து வை.

குமாஸ்தா_62

ராத்திரி ஓட்டி வருவது பற்றி நான் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுபவருக்கு 20 ஆகவில்லை, வண்டி இன்னும் அடுத்தவர் பெயரில். ஏழு கிலோமீட்டரில் ஒரு நாய் குறுக்கே வந்தாலும் போதும், நஷ்டஈடு உங்கள் குடும்பத்தின் தலையில். பெரிய வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

சின்னவன்

சரி அண்ணே. ஏற்றியே கொண்டுவருகிறோம்.

ஒட்டன்சத்திரம்_அக்கா

ஆர்.சி. பார்த்தேன். பரிவாகனில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறது. பெரியவர் கடனை 2015-லேயே கட்டி முடித்துவிட்டாராம், கடைசி ரசீதைப் பாலிதீன் கவரில் வைத்திருக்கிறார். பெயர் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்கிறார். அந்தக் கிளையும் இப்போது அங்கே இல்லை.

குமாஸ்தா_62

இது தினமும் பார்க்கிற கதைதான். கடனை அடைத்தால் பெயர் தானாகப் போய்விடும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். கம்பெனியின் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வேண்டும். கிளை மூடியிருந்தாலும் தலைமை அலுவலகத்தில் கடன் கணக்கு நம்பர் சொன்னால் கொடுக்க வேண்டும். ரசீது இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

இந்த வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் கூடப் போகலாம். ஹெச்.பி. (ஆர்.சி.யில் நிற்கும் ஃபைனான்ஸ் பதிவு) கேன்சல் ஆகும் வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அது முடிந்ததும் படிவம் 29, 30-ல் அவர் கையெழுத்து. பெயர் மாற்றத்துக்கு வாங்குகிறவருக்கு 30 நாள் அவகாசம். பெயர் மாறாமல் வண்டி வாங்கி ஓட்டி, விற்றவர் இறந்துபோய், அவருடைய நான்கு பிள்ளைகளின் கையெழுத்துக்காக அலைகிற ஆட்கள் என் மேசைக்கு முன்னால் வாரா வாரம் வந்து நிற்கிறார்கள்.

புதுசுதான்_நல்லது

இதற்குத்தான் சொன்னேன். அதோடு 2011 வண்டி, 15 வருடம் ஆனால் அரசாங்கமே நொறுக்கிவிடும். போட்ட பணம் போச்சு.

குமாஸ்தா_62

தவறான தகவல். 15 வருடம் ஆனதும் கட்டாயமாகக் கழிப்பது அரசுத் துறை வண்டிகளுக்கு, 2023 ஏப்ரல் முதல். டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை வந்தது அந்த ஊர்க் கதை. நம் ஊரில் தனியார் வண்டி எஃப்.சி. பரிசோதனையில் தேறினால் ஓடலாம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும், 15 தாண்டினால் நன்றாகவே ஏறும். அந்தத் தொகையைக் கணக்கில் வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். இந்தப் பயம் விற்பவருக்கும் இருக்கும், அது உங்களுக்கு நல்லது.

டீசல்வாசம்

காகிதம் பேசி முடித்துவிட்டீர்கள் என்றால் நான் வேலையைப் பேசுகிறேன். பின்னால் பட்டைக் கட்டு பிரிக்கும்போது இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடுங்கள். எல்லாரும் போடுகிறார்கள். கம்பெனி சொல்லும் 750 கிலோ ஏற்றி யார் பிழைப்பது? என் இரண்டு வண்டியும் ஒன்றேகால் டன் சாதாரணமாக இழுக்கிறது.

மலைப்பாதை

இழுக்கிறது சரி, நிற்கிறதா?

தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் வாழையும் காப்பியும் இறக்குகிறவன் நான். இதே 16 குதிரைத்திறன் வண்டிதான். ஏற்றத்தில் அதிக லோடு போட்டால் இரண்டாவது கியரில் அழும், ரேடியேட்டர் கொதிக்கும், ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. பட்டையைக் கூட்டினால் வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக், டயர் அதே 12 இஞ்ச் டயர், ஆக்ஸிலும் அதே. கொண்டை ஊசி வளைவில் மூன்று வளைவு தொடர்ந்து மிதித்தால் நான்காவதில் பெடல் பஞ்சாகிவிடும். பெரியவர்கள் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். அது 750 கிலோவுக்கே சொன்னது.

பழகின கை என்றால் கூட ஏதோ சமாளிக்கும். முதல் வருடம் ஓட்டுகிற பையனுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

டீசல்வாசம்

நீங்கள் மலையில் ஓட்டுகிறீர்கள். இவர்கள் சமவெளியில் மார்க்கெட்டுக்கு ஓட்டப் போகிறவர்கள். 750 கிலோவில் வாடகை கட்டுமா என்று அக்கா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

ஒட்டன்சத்திரம்_அக்கா

போட்டுவிட்டேன். தக்காளிப் பெட்டி 15 கிலோ என்று வைத்தால் 50 பெட்டி. எங்கள் ஊரிலிருந்து மார்க்கெட்டுக்குப் பெட்டிக்கு 12 ரூபாய் கிடைத்தால் ஒரு நடைக்கு 600. போக வர 40 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கொடுத்தால் இரண்டரை லிட்டர் டீசல், 230 ரூபாய்க்குப் பக்கம். மீதி 370. காலையில் இரண்டு நடை ஓடினால் 740. மாதம் 24 நாள் லோடு கிடைத்தால் 17,760. இதில் டயர், ஆயில், இன்சூரன்ஸ், எஃப்.சி.க்கு மாதம் 5,000 எடுத்து வைத்தால் கையில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

டியூ கட்டுகிற வண்டியாக இருந்தால் இந்தப் பன்னிரண்டாயிரம் அப்படியே அங்கே போய்விடும், அதனால் புது வண்டி யோசனையை விட்டுவிட்டேன். டீசல்வாசம் அண்ணன் சொல்கிற மாதிரி 80 பெட்டி ஏற்றினால் நடைக்கு 360 கூடும், அதுவும் கணக்குதான். ஆனால் கூடுதல் பட்டை போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியாகிவிட்டது.

பட்டறைக்காரன்

அந்த 360-க்கு எதிரில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓவர்லோடுக்கு 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. ஒருமுறை மாட்டினால் இரண்டு மாத உழைப்பு. அதோடு நாம் குத்திப் பார்த்த அந்த இடம், கேபினுக்குப் பின்னால், கூடுதல் பட்டை போட்ட வண்டிகளில் விரிசல் விடுவது அங்கேதான். கெட்டியான சேஸ் கிடைத்ததே அதிர்ஷ்டம்.

டீசல்வாசம்

என் வண்டியில் ஆறு வருடமாக விரிசல் இல்லை. சரி, பையனுக்கு வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

சின்னவன்

பெல்ட் மாற்றி, ஹீட்டர் பிளக் கழற்றி, பட்டறைக்காரன் அண்ணன் சொன்னபடியே செய்தேன். (வண்டி வீட்டுக்கு டிராக்டர் டிரெய்லரில் வந்தது.) ஸ்டார்ட் ஆகிவிட்டது! புகை முதலில் தெருவையே மறைத்தது, பக்கத்து வீட்டு அத்தை சத்தம் போட்டார்கள். அப்புறம் அடங்கி, இப்போது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மட்டும் லேசான கறுப்பு. மூடி ஆடுகிறது, விழவில்லை. ரேடியேட்டரில் குமிழ் இல்லை. ஆனால் இன்ஜின் ஓடும்போது கேபின் மொத்தமும் நடுங்குகிறது, கண்ணாடியில் முகம் தெரியவில்லை.

இன்ஜின் பிரித்து ரிங் போட்டுவிடலாமா? கையோடு செய்துவிட்டால் நிம்மதி.

பட்டறைக்காரன்

எதற்கு? ஓடுகிற இன்ஜினைப் பிரிக்காதே. நடுக்கம் இன்ஜின் மவுன்டிங் ரப்பர். இரண்டு சிலிண்டர் வண்டி, நடுங்கத்தான் செய்யும், ரப்பர் போனால் இப்படி முகம் தெரியாத அளவுக்கு நடுங்கும். மாற்று. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டு அடைப்பெடுக்கக் கொடு. அந்தச் செம்மண் தண்ணீர் போர் தண்ணீர், உப்பு படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். இனிமேல் கூலன்ட் தவிர வேறெதுவும் ஊற்றாதே. இந்த வண்டியில் ஹெட் போவதற்குச் சூடுதான் முக்கியக் காரணம்.

ரிங்குக்கு நினைத்த பணத்தைப் பிரேக்கில் போடு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரண்டு வருடம் நின்றதில் பின் வீல் சிலிண்டர் பிடித்திருக்கும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பார், பிடிக்கிறது எது என்று தெரியும். மாஸ்டர் சிலிண்டர் கப், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஆயில் எல்லாம் புதுசு. ஹோஸைக் கையில் மடக்கிப் பார்த்து வெடிப்பு இல்லை என்று விட்டுவிடாதே, உள்பக்கம் வீங்கியிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளை மறக்காதே, எஃப்.சி.யில் கேட்பார்கள். முன் ஆக்ஸில் கிங்பின்னில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ம் வருடம் 32-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பழைய டயரை நம்பாதே.

இண்டிகா சாமான் சேரும் என்று கடையில் சொல்வார்கள். சிலது சேரும், எல்லாம் சேராது. பார்ட் நம்பர் ஒத்துப்போனால் மட்டும் வாங்கு.

நாமக்கல்_பாடி

பாடி வேலை பற்றி யாரும் பேசவில்லையே. கேபின் தரை ஓட்டைக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், பட்டி பூசி மூட விடாதீர்கள். தொட்டித் தரைக்குப் பழைய தகட்டின் மேலேயே புதுத் தகடு போட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம். இரண்டு தகட்டுக்கு நடுவில் தக்காளித் தண்ணீர் நிற்கும், அடுத்த ஆடிக்குள் இரண்டும் போகும். பழசை வெட்டி எடுத்துவிட்டு ஒரே தகடாகப் போட்டு, பின் மூலையில் தண்ணீர் வடிய ஓட்டை வைக்கச் சொல்லுங்கள்.

கதவு, பின் டோர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டாம். கோவை உக்கடத்தில் கழித்த வண்டிச் சாமான் கிடைக்கும், சென்னைப் பக்கம் போனால் புதுப்பேட்டை. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

சின்னவன்

அண்ணே, பாடியில் இன்னொன்று. கேபின் மேலே எல்.இ.டி. பார், பின்னால் கலர் லைட், பலவிதமாகக் கத்துகிற ஏர் ஹாரன். இதெல்லாம் எஃப்.சி.க்கு முன்னால் போடலாமா, பின்னால் போடலாமா?

ஒட்டன்சத்திரம்_அக்கா

எப்போதும் போட முடியாது.

குமாஸ்தா_62

அக்கா சொன்னதே சட்டமும். பல ஸ்வரத்தில் கத்தும் ஹாரனுக்கு அனுமதி இல்லை.

மலைப்பாதை

தம்பி, ஆசைப்பட்டால் நல்ல ஹெட்லைட் பல்பும் ஒழுங்கான வைப்பரும் போடு. மார்கழிக் காலையில் நான்கு மணிக்கு லோடு ஏற்றும்போது அதன் அருமை தெரியும். தார்ப்பாய் கெட்டியானதாக வாங்கு. கயிறு கட்டிக் கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்துக் கட்டு. லோடு உட்கார்ந்ததும் கயிறு தளர்ந்திருக்கும்.

ஒட்டன்சத்திரம்_அக்கா

ஹெச்.பி. கேன்சல் ஆகிவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு ரசீதின் நகலோடு எழுதினோம், அங்கிருந்து தபாலில் வந்தது. பாக்கிகள், எஃப்.சி. செலவு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டி 58,000-க்குப் பேசி முடித்தோம். பெரியவர் சங்கடப்படவில்லை, வண்டி மறுபடி மார்க்கெட் போனால் சரி என்றார். பெயர் மாற்றத்துக்கு என் பெயரில் கொடுத்திருக்கிறோம். பிரேக் வேலை முடிந்தது, ரேடியேட்டர் வந்துவிட்டது, பாடி பட்டறையில் வண்டி நிற்கிறது. பெயின்ட் அம்மாவின் இஷ்டம், மஞ்சள் என்கிறார். எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன்னால் இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

நாமக்கல்_பாடி

பெயின்ட் அடித்தபிறகு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. தரச்சான்று முத்திரை அச்சடித்த ஸ்டிக்கராகக் கேட்டு வாங்குங்கள், ரோட்டோரம் விற்பதை ஒட்டினால் திருப்பி அனுப்புவார்கள். மஞ்சள் பெயின்ட்டின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் பகலில் எடுத்துத் தெரியாது, ராத்திரி தெரியும், அதனால் கவலை வேண்டாம். பின் மட்கார்டு ரப்பரும் இல்லை என்று போட்டோவில் தெரிகிறது, அதையும் மாட்டிவிடுங்கள்.

சின்னவன்

மட்கார்டு ரப்பரில் பெயர் எழுதலாமா அண்ணே? அதற்காவது அனுமதி உண்டா?

குமாஸ்தா_62

எழுதிக்கொள். நம்பர் பிளேட்டை மட்டும் தொடாதே.